கண்டியில் பல்லுக்குக் கம்பி போட்ட அனுபவம்: பக்கவாட்டு முகத்தை யார் கண்ணால் பார்ப்பது?

ஹட்டனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், சடங்கு வீட்டு ஆல்பம், கல்யாணம் என்று நாள் முழுக்க முகங்களைப் பார்க்கிற தொழில். அதனால் தங்கச்சியின் பல் சிகிச்சையைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கிளினிக் சுத்தமா, காசு எவ்வளவு என்பதோடு நிறுத்த மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும். கம்பி போடலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக "தாடை உள்ளே இருக்கு" என்று யாரோ சொல்லிக் கலங்கிப்போய் இருப்பவர்கள், பொறுமையாக வாசியுங்கள்.

கிளினிக் கண்டி டவுனுக்குள், ஒரு மாடியில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. நல்லதோடு குறையும் சொல்லப்போகிறேன், அதை வைத்து ஒருவருடைய பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை.

தங்கச்சிக்கு இப்போது 21 வயது. சிகிச்சை தொடங்கும்போது 19, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே மேல் முன்பல் நான்கும் மிதப்பு. சும்மா இருக்கும்போது உதடு இரண்டும் சேராது, சேர்க்கவேண்டும் என்றால் இழுத்து மூடவேண்டும், அப்படி மூடினால் நாடித் தோல் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகச் சுருங்கும். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். வீட்டு விசேஷங்களில் நான் அவளைப் படம் எடுக்கும்போதெல்லாம் நேராகவும் வைக்காமல் முழுப் பக்கமாகவும் திருப்பாமல் முக்கால் முகமாகத்தான் எடுப்பேன். அவள் கேட்டு அல்ல, நானாகவே செய்தது. இப்போது நினைத்தால், அவளிடம் சொல்லாமலே அவளுக்கு ஒரு குறை இருப்பதாக நான் முடிவு செய்திருக்கிறேன்.

முதலில் போனது வேறொரு ஊரில் உள்ள வேறொரு இடம். ஊர்ப் பெயரும் வேண்டாம். பத்து நிமிடம்கூட இருக்காது. அங்கிருந்தவர் அவளை நாற்காலியில் இருத்தி, தன் கைபேசியாலேயே பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, "பாருங்க, உதடு கோட்டைத் தாண்டி வெளியில இருக்கு, தாடை உள்ளே இருக்கு, ஆபரேஷன் செய்தால்தான் முகம் சரிவரும், இல்லாவிட்டால் நாலு பல்லைப் பிடுங்கி முழுக்க உள்ளே இழுக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். பல்லைப் பற்றிக் கேட்கப் போனவளுக்குத் தாடையில் ஆபரேஷன். அதுவரைக்கும் அவளுக்குத் தன் நாடியைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. அன்று ராத்திரியிலிருந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தன்னைப் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு வாரம் அப்படி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

ஏன் கோபம் என்றால், அந்தப் படமே பிழை. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை குனிந்தால் நாடி கழுத்துப் பக்கம் ஒதுங்கும், இதை எந்தப் படப்பிடிப்பாளரும் சொல்லுவார், நாங்கள் கல்யாணப் பெண்ணிடம் "நாடியைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வாங்க" என்று சொல்வதே அதற்காகத்தான். அதோடு கைபேசியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்த படம். கிட்டே போகப் போக லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தூரத்தில் இருப்பது சின்னதாகும். 2018இல் அமெரிக்காவில் சில மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறதாம். அவர்கள் கணக்குப் போட்டது நேர்முகத்துக்கு, ஆனால் கிட்டத்தில் வைத்த கமரா முகத்தின் அளவைக் குழப்பும் என்பது எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். அப்படி ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையின் தாடையை அறுக்கவேண்டும் என்று சொல்லலாமா?

சரி, கண்டிக்கு வருகிறேன்.

ஹட்டனில் விடிய ஐந்து மணி பஸ். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதெனிய என்று இறங்கி இறங்கிப் போக மூன்று மணித்தியாலம் ஆகிவிடும். இந்தப் பயணத்தை 23 மாதத்தில் எத்தனை தரம் போனோம் என்று எண்ணவில்லை, மாதம் ஒன்று நிச்சயம். தோட்டப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, ஐம்பதை ஒட்டிய வயது. தமிழ் விளங்கும், பேசும்போது கொஞ்சம் தடுமாறும். புசல்லாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் உதவிக்கு நின்று வசனம் விடாமல் மொழிபெயர்த்தார். முதல் நாள் டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "நங்கி, நீங்க எதை மாத்தணும் என்று வந்தீங்க? பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். டொக்டர் உடனே என் பக்கம் திரும்பி, "மல்லி, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்வேன். அஞ்சு நிமிடம் கழித்து என்னைக் கூப்பிட்டபோது அவர் கையில் இருந்த தாளில் இரண்டே இரண்டு வரி இருந்தது: வாய் தானாக மூடவேண்டும், சிரிக்கும்போது கை போகக்கூடாது. தாடையைப் பற்றி ஒன்றும் இல்லை. முன்பு போன இடத்தில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னபோது, "அது அவங்க கண். நாங்க முதல்ல இவங்க கண்ணால பார்ப்போம்" என்றார்.

அடுத்தது படம் எடுத்த விதம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், என் தொழில் இது. சுவரில் ஒரு சாதாரண நீலத் துணி. அவளை ஆறடி தள்ளி நிற்கவைத்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அவளுடைய கண்ணையே பார்க்கச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் தலை தன் இயல்பான நிலைக்கு வந்துவிடும், குனியவும் செய்யாது நிமிரவும் செய்யாது. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, "கடிச்சுப் பிடிக்காதீங்க, உதட்டை இழுக்காதீங்க, 'அம்மா' என்று சொல்லிட்டு அப்படியே விடுங்க" என்றார் அந்தப் புசல்லாவைத் தங்கச்சி. உதடு தளர்ந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று, சிரிப்பில் ஒன்று. காதுத் துளையிலிருந்து கண்குழியின் கீழ் விளிம்புக்குப் போகும் கோடு தரைக்குச் சமமாக இருக்கிறதா என்று திரையில் சரிபார்த்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் கோடு என்பார்கள் அதை. எங்கள் ஸ்டூடியோவில்கூட ஒருவருடைய பக்கவாட்டு முகத்துக்கு இத்தனை கவனம் கொடுத்ததில்லை. அதே பெண், அதே நாடி, முதல் இடத்தில் எடுத்த படத்தைவிட நாடி எவ்வளவோ முன்னால் இருந்தது.

அப்புறம் பக்கவாட்டு எக்ஸ்ரே. தலையை ஒரே இடத்தில் நிறுத்தி எடுக்கும் இந்த முறையை 1931இல் அமெரிக்காவில் புரோட்பென்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே கொண்டுவந்தார்கள். அதிலிருந்துதான் முகத்தைப் பாகையிலும் மில்லிமீட்டரிலும் அளக்கிற பழக்கம் பரவியது. டொக்டர் அந்தப் படத்தில் மூக்கு நுனியிலிருந்து நாடி நுனிக்கு ஒரு கோடு போட்டுக் காட்டினார். முதல் இடத்தில் விரலால் இழுத்தார்களே, அதே கோடுதான். ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க நிபுணர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது, பெரியவர்களுக்குக் கீழுதடு அந்தக் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் போல உள்ளே இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. தங்கச்சியின் கீழுதடு கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் வெளியே. "அப்போ அவர் சொன்னது சரிதானே?" என்று கேட்டேன். டொக்டர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "கோடு சரி. ஆனா அது வெள்ளைக்கார முகங்களைப் பார்த்து வந்த கணக்கு. நம்ம ஆட்களுக்கு உதடு கொஞ்சம் நிறைவாத்தான் இருக்கும். உங்க அம்மாவைப் பக்கத்தில நிறுத்தி இந்தக் கோட்டைப் போடுங்க."

வீட்டுக்கு வந்து போட்டேன். அம்மாவின் கீழுதடும் கோட்டைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. அம்மாவை அழகில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ராத்திரியில் இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பல் நிபுணர்களுக்கும் சாதாரண ஆட்களுக்கும் ஒரே முகம் ஒரே மாதிரித் தெரிகிறதா என்பது இன்று நேற்றுக் கேள்வி இல்லை. கம்பி வைத்தியத்துக்கு அடித்தளம் போட்ட எட்வர்ட் ஆங்கிள், நூறு வருடத்துக்கு முன்பு, அழகான முகத்துக்கு உதாரணமாகக் காட்டியது அப்பல்லோ பெல்வெடேரே சிலையை. வத்திக்கானில் இருக்கும் ஒரு பளிங்குச் சிலை. 1957இல் ரீடல் என்ற நிபுணர், சியாட்டில் நகரத்து விழாவுக்கு அழகிகளாகத் தெரிவான 30 பெண்களின் பக்கவாட்டு முகங்களை ஆராய்ந்து, மக்கள் தேர்ந்தெடுத்த முகமும் நிபுணர்களின் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன என்றார். ஆனால் 1970இல் பெக் சகோதரர்கள் மாடல்கள், அழகிப் போட்டியில் வென்றவர்கள், நடிகர்கள் என்று மக்கள் ஏற்கெனவே அழகு என்று ஒத்துக்கொண்ட முகங்களை எடுத்து அளந்து பார்த்தபோது வேறு விதமாக வந்தது: நிபுணர்களின் அட்டவணை சொல்வதைவிட உதட்டுப் பகுதி கொஞ்சம் நிறைந்து, முன்னுக்கு வந்த முகத்தைத்தான் மக்கள் விரும்புகிறார்கள். அதை வாசித்தபோது தங்கச்சியை எழுப்பிக் காட்டவேண்டும் போல இருந்தது. காட்டவும் செய்தேன், ராத்திரி பதினொன்றரைக்கு.

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் முகத்தைக் கறுப்பு நிழலாக்கித்தான் காட்டுவார்களாம். தலைமுடி, தோல் நிறம், கண் எதுவும் தெரியாமல் வெளிக்கோடு மட்டும் தெரிகிற மாதிரி. அது எனக்குக் கைவந்த வேலை. டொக்டரிடம் கேட்டு அவளுடைய படத்தை வாங்கிவந்தேன், எக்ஸ்ரேயில் அளவுகோல் இருந்தது, அதை வைத்து அளவைச் சரிசெய்து ஐந்து நிழல் படம் செய்தேன். ஒன்று இருக்கிறபடி. அடுத்த மூன்றில் உதடு இப்போது இருக்கிற இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் உள்ளே, 4 உள்ளே, 6 உள்ளே. கடைசியில் உதட்டைத் தொடாமல் நாடியை மட்டும் 3 மில்லிமீட்டர் முன்னே. எல்லாவற்றையும் நாலுக்கு ஆறு தாளில் அடித்து, பின்னால் மட்டும் இலக்கம் போட்டு, கலைத்துப் பரப்பினேன். தங்கச்சியின் சம்மதத்தோடுதான், அவளே பக்கத்தில் இருந்தாள்.

அம்மா 2 உள்ளே போனதை எடுத்தார். பொகவந்தலாவையிலிருந்து வந்திருந்த அத்தை முதலில் "மூக்குத்தி இல்லாம எப்புடிடா சொல்றது, இது நம்ம புள்ளையா?" என்று கேட்டுவிட்டு அவரும் அதையே எடுத்தார். 6 உள்ளே போன படத்தைக் கையில் எடுத்து, "இது பல்லு விழுந்த கெழவி மாதிரி இருக்கு, யாரு இது?" என்றார். முதல் இடத்தில் முழுக்க உள்ளே இழுக்கவேண்டும் என்றார்களே, அதைக் கோட்டின் கணக்குப்படி கொண்டுபோனால் கிட்டத்தட்ட அந்தப் படத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். நாடியை முன்னே நகர்த்திய படத்தை வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, இருக்கிறபடியான படத்தோடு பக்கத்தில் வைத்தும் "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்கள். என் முதலாளி அண்ணன் முப்பது வருடம் முகம் பார்த்தவர், அவர் கண் மூக்குக்குப் போனது: உதடு உள்ளே போகப் போக மூக்கு நீளுகிற மாதிரி இருக்கிறது என்றார். அது உண்மை, உதடு பின்வாங்கினால் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள கோணம் விரியும். அந்தக் கோணம் சாதாரணமாக 90இலிருந்து 110 பாகைக்குள் இருந்தால் போதும் என்பார்கள்.

அந்த ஐந்து படத்தையும் கண்டிக்குக் கொண்டுபோய் டொக்டர் மேசையில் வைத்தேன். அவர் கோபப்படுவாரோ என்று ஒரு பயம் இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார், நாடியை நகர்த்திய படத்தில் மூன்று விநாடிக்குள் விரலை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத 3 மில்லிமீட்டர். அவருக்குப் பிடித்த படம் 4 உள்ளே போனது, அம்மா எடுத்ததைவிட ஒரு படி தட்டை. "எங்களுக்கு இப்படித்தான். படிச்ச கண் கொஞ்சம் நேரான முகத்தைத் தேடும், சின்ன வித்தியாசத்தையும் பிடிக்கும். வீட்டில இருக்கிறவங்க முழு முகத்தையும் சேர்த்துப் பார்ப்பாங்க" என்றார். பிறகு தங்கச்சியிடம், "உங்களுக்கு எது?" என்றார். அவள் 2க்கும் 4க்கும் நடுவில் விரலை வைத்தாள். டொக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆனால் எல்லாவற்றையும் எங்கள் கண்ணுக்கே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பல்லைப் பிடுங்காமலே வரிசையாக்கலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு போனேன். அவர் மறுத்தார். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் முன்பின் இடைவெளி 8 மில்லிமீட்டர் இருந்தது, சாதாரணமாக 2, 3 இருக்கும். 1989இல் பிரிட்டனில் வந்த ஐ.ஓ.டி.என். என்ற சிகிச்சைத் தேவை அளவுகோலில் 6ஐத் தாண்டி 9 வரைக்கும் நாலாம் தரம், மொத்தமே ஐந்து தரம்தான், ஐந்தாவதுதான் ஆகக் கூடின தேவை. அவ்வளவு மிதப்பு இருந்தால் விழுந்து அடிபடும்போது முன்பல் உடையும் வாய்ப்பும் கூடுதல். (அதே அளவுகோலின் அழகுப் பகுதி 10 படங்கள், பத்தும் முன்பக்கப் பல் படங்கள். பக்கவாட்டு முகம் அதில் இல்லவே இல்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியம்.) அதோடு கீழ்ப்பல் மேல் அண்ணத்து முரசில் போய்க் குத்திக்கொண்டிருந்தது, அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை, அவளுக்கே பழகிப்போயிருந்தது. முகம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எங்களைக் கேட்ட டொக்டர், கடி எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

மூன்று வழி சொன்னார். வளரும் வயதாக இருந்திருந்தால் ட்வின் பிளாக் போலக் கழற்றி மாட்டும் கருவியால் கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவர முயன்றிருக்கலாம், 19இல் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆபரேஷனும் ஒரு வழிதான், தாடை நன்றாக உள்ளே இருக்கிறவர்களுக்கு அது நல்ல பலன் தரும், அதை அவர் மட்டம்தட்டிப் பேசவில்லை. மூன்றாவது, மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லை எடுத்து, கிடைக்கும் 7 மில்லிமீட்டர் இடத்தில் முன்பற்களை வேண்டிய அளவு மட்டும் பின்னுக்குக் கொண்டுபோவது. கீழே ஒன்றும் எடுக்கத் தேவையில்லை. அதைத்தான் எடுத்தோம். பல் நகரும் அளவுக்கு உதடு அப்படியே நகராது, அதைவிடக் குறைவாகத்தான் வரும், ஆளுக்கு ஆள் மாறும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இனி சேவை, காசு. மொத்தம் 260,000 ரூபாய். முதலில் 80,000, மிச்சம் மாதம் 10,000 வீதம் 18 மாதம். எக்ஸ்ரேயும் இரண்டு பல் எடுத்ததும் தனிக் கணக்கு, அதை முதல் நாளே தாளில் எழுதித் தந்தார்கள், ஆனால் கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டுகிற பொத்தான் கழன்றால் திரும்ப ஒட்ட ஒன்றுக்கு 1,500 என்பதைக் கழன்ற பிறகுதான் சொன்னார்கள். தீபாவளிக்கு முறுக்குக் கடித்து ஒன்று, கரும்பில் ஒன்று, 3,000 போனது. இது எனக்குப் பிடிக்கவில்லை. அரசு வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் காசு இல்லை, காத்திருக்க முடிந்தவர்கள் முதலில் அங்கே காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

பெரிய குறை சம்மதப் படிவம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருந்தது, தமிழில் இல்லை. உதவிக்கு நின்ற தங்கச்சி வாசித்துச் சொன்னார், நன்றாகவே சொன்னார், ஆனால் அவர் லீவில் இருந்த மாதத்தில் ஒரு அம்மாவும் மகனும் வந்து அந்தத் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். மலையகத்திலிருந்து இவ்வளவு பேர் வருகிற ஒரு இடத்தில் இரண்டு பக்கத் தாளைத் தமிழில் அடித்து வைப்பது பெரிய வேலையா? டொக்டரிடமே சொன்னேன், செய்கிறோம் என்றார். கடைசியாகப் போனபோதும் வந்திருக்கவில்லை.

அடுத்தது தொலைபேசி. சிகிச்சை தொடங்கி ஒன்பதாம் மாதம் கம்பியின் நுனி பின்பக்கம் நீண்டு கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது, சனிக்கிழமை பின்னேரம், நாலு தரம் எடுத்தும் பதில் இல்லை. அவர்கள் முன்பே கொடுத்திருந்த மெழுகை உருட்டி நுனியில் ஒட்டித்தான் திங்கட்கிழமை வரை ஓட்டினாள், வெந்நீரும் உப்பும். ஆனால் மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து ஒரு மாதம் போக முடியாமல் இருந்தபோது காசு கேட்காமல் வேறு நாள் தந்தார்கள், அடுத்த முறை சுணங்காமலும் பார்த்தார்கள். சாதாரணமாகக் காத்திருப்பது ஒரு மணித்தியாலம் போல, மூன்று மணி பஸ்ஸில் வந்தவர்களை முன்னுக்கு எடுங்கள் என்று கேட்டால் எடுப்பார்கள். கேட்கவேண்டும், தாமாக எடுக்கமாட்டார்கள்.

கம்பி கழற்றிய அன்று முதல் நாள் எடுத்தது போலவே அதே நீலத் துணிக்கு முன்னால், அதே கண்ணாடியைப் பார்க்கவைத்து மறுபடியும் படங்கள். முன்பின் இடைவெளி 8இலிருந்து 3க்கு வந்திருந்தது. கீழுதடு கோட்டுக்குக் கிட்டே வந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. ஸ்டூடியோவில் பழைய படத்தையும் புதியதையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன்: மூக்கு அப்படியே, நாடி அப்படியே, உதட்டில் மட்டும் ஒரு மெல்லிய வித்தியாசம், முதலாளி அண்ணன் பயந்த மூக்கு நீளம் வரவில்லை. மூடிய வாயில் நாடிச் சுருக்கம் இல்லை. அது ஒன்றே எனக்குப் போதும்.

ஒரு குறை இருக்கிறது, அதை டொக்டரே சொன்னார். மேல் முன்பல்லின் நடுக்கோடு முகத்தின் நடுவிலிருந்து இடப்பக்கம் 1 மில்லிமீட்டர் தள்ளி முடிந்திருக்கிறது. சரிசெய்ய இன்னும் நாலைந்து மாதம் போடலாம், வேண்டுமா என்று கேட்டார். இதற்கு நான் முன்பே வாசித்திருந்த ஒரு ஆய்வு உதவியது. 1999இல் கோகிச்சும் கூட இருந்தவர்களும் மாற்றியமைத்த சிரிப்புப் படங்களைக் கம்பி நிபுணர்கள், பொதுப் பல் டொக்டர்கள், சாதாரண ஆட்கள் என்று மூன்று தரப்பிடமும் காட்டினார்கள். நடுக்கோடு 4 மில்லிமீட்டர் தள்ளிப்போனபோதுதான் கம்பி நிபுணர்களே அதைக் குறையாகச் சொன்னார்கள். மற்ற இரண்டு தரப்புக்கும் அந்த 4கூடத் தெரியவில்லை. இங்கே 1. நாங்கள் வேண்டாம் என்றோம். எனக்கு அந்த 1 தெரிகிறது, தேடிப் பார்த்தால். வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, நானும் யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மாவிடம் இரண்டு நிழல் படத்தையும் காட்டி எது புதியது என்று கேட்டேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மாற்றிச் சொன்னார். அப்புறம் தானாகவே, "ராத்திரி தூங்கும்போது இப்ப வாய் மூடியிருக்குடா, முன்னாடி தொறந்தே கெடக்கும்" என்றார். தங்கச்சி முதல் நாள் டொக்டரின் தாளில் எழுதவைத்த இரண்டு வரியில் ஒன்று அது. மற்றதை நான் தினமும் பார்க்கிறேன்: போன மாதம் கொட்டகலையில் சொந்தக்காரர் கல்யாணம், கூட்டத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையில் பாயசக் கப், மற்றக் கை அத்தையின் தோளில்.

யாருக்கு இந்த இடம் பொருந்தும் என்றால், நிதானமாகப் பேசி முடிவெடுக்க விரும்புகிறவர்களுக்கு. இரண்டு மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் முடிக்கவேண்டும் என்று போனால் டொக்டர் திருப்பி அனுப்பிவிடுவார், என் முன்னாலேயே ஒருவரை அனுப்பினார். நீங்கள் எங்கே போனாலும் சரி, பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது பிள்ளையின் தலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், உதட்டை எத்தனை மில்லிமீட்டர் உள்ளே கொண்டுபோகிறீர்கள் என்று கேளுங்கள், அந்த எண்ணை யார் முடிவு செய்தது என்றும் கேளுங்கள். பிள்ளையை டொக்டரோடு தனியே ஐந்து நிமிடம் பேச விடுங்கள்.

இப்போது ரிட்டெய்னர். மேலே கழற்றி மாட்டுவது, கீழே பல்லுக்குப் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பி. முதல் ஆறு மாதம் சாப்பாட்டு நேரம் தவிர முழு நாளும், அப்புறம் ராத்திரியில் மட்டும், அதுவும் வருடக்கணக்கில். போடாவிட்டால் பல் திரும்பி நகரும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். தொலைத்தால் புதிதுக்கு 15,000, அதனால் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைக்காமல் பெட்டியில்தான் வைக்கிறாள். பொங்கல் முடிந்து தை கடைசியில் அடுத்த முறை போகவேண்டும், போகும்போது அந்தப் படிவத்தை நானே தமிழில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.